உனக்காக நேர்ந்துவிட்ட கிடா

ரெஜினா, என் தங்கமே, என் தலைவலியே,

உன் கோழிகள் சௌக்கியம். செவலை மறுபடியும் அடையில் உட்கார்ந்துவிட்டாள். எங்கே தெரியுமா? வரைபடங்களைச் சுருட்டி வைக்கும் மரப்பெட்டிக்குள். இந்தியாவின் ஆறுகள் எல்லாம் இப்போது அவள் வயிற்றுக்குக் கீழே இருக்கின்றன. கையை நீட்டினால் கொத்துகிறாள். நாலாம் வகுப்புக்கு ஆறுகள் பாடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். சேவல் வழக்கம்போலப் பிரேயருக்கு நடுவில்தான் கூவுகிறான்.

உன் கிடா ஆபீசரும் இருக்கிறான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அவன் இருப்பானா மாட்டானா என்று போன வாரம் வரை எனக்கே தெரியாது.

இதை ஏன் ஊர் படிக்கிற மாதிரி எழுதுகிறாய் என்று கேட்பாய். நீ என்றைக்கு மெதுவாகப் பேசியிருக்கிறாய்? ஒன்றாம் வகுப்பில் நீ 'அ' சொன்னால் பட்டினப்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். உனக்கு எழுதுவதை மட்டும் ரகசியமாக எழுதினால் பொருந்தாது. அதனால் உனக்குத் தெரிந்ததையும் நடுநடுவே சொல்லிக்கொண்டுதான் போவேன். பொறுத்துக்கொள்.

நீ பட்டினப்பாக்கம் மீனவர் குப்பத்துப் பெண். உன் அம்மா கூடையில் மீன் விற்று உன்னை டீச்சர் ட்ரெய்னிங் படிக்கவைத்தார். நான் மயிலாப்பூர். தெற்கு மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு, முட்டை கூட உள்ளே வராத வீடு. அடையாற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளிக்கு நான் தலைமையாசிரியையாக வந்த அன்று, மீன் வாசனை தாங்குவீர்களா என்பதுதான் நீ என்னிடம் கேட்ட முதல் கேள்வி. தாங்குவேன் என்றேன். ஆட்டு வாசனை பற்றி நீ அப்போது ஒன்றும் கேட்கவில்லை.

ஆற்றங்கரை வீடுகளை எடுத்தார்களே, அந்த வருஷம்தான் ஆடும் கோழியும் பள்ளிக்குள் வந்தன. ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் அடுக்குமாடி வீடு கொடுத்தார்கள். கட்டில் போனது, பீரோ போனது, டிவி போனது. நாலாவது மாடியில் கோழி எங்கே மேயும்? லாரி கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் உன் ஒன்றாம் வகுப்பு தேவி, கக்கத்தில் ஒரு கோழியை இடுக்கிக்கொண்டு பள்ளி கேட்டில் வந்து நின்றாளாம். நீ திறந்து உள்ளே விட்டாயாம். அவளைப் பார்த்து இன்னும் நாலைந்து பிள்ளைகள் அவரவர் கோழியோடு வந்துவிட்டார்கள். மறுநாள் காலை நான் வந்து பார்த்தால் பின்பக்க வராந்தா முழுக்கக் கோழி. அடிபம்பில் கட்டியபடி ஒரு பெட்டை ஆடு, வயிற்றைத் தள்ளிக்கொண்டு, சினையாக.

எனக்கு வந்த கோபம் உனக்கு நினைவிருக்கும். இது ஸ்கூலா, கொட்டாயா என்று கத்தினேன். மேலிடத்துக்கு யார் பதில் சொல்வது என்றேன். நீ விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டு, நான் முடிக்கும் வரை நின்று கேட்டாய்.

"எக்கா, புள்ளைங்க வூட்டத்தான் இட்ச்சிட்டாங்க. அதுங்களோட கோயிக்காவது ஒரு வூடு இருக்கட்டும். நாத்தம் அடிச்சா நான் கழுவிக்கிறேன்."

சொன்னபடி நீ கழுவவும் செய்தாய். நான் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு ஒரு மாதம் நடந்தேன். வீட்டில் என் கணவர் வேறு, "ஏண்டி, ஸ்கூல்லேர்ந்து வரயா, ஆட்டுக் கொட்டாய்லேர்ந்து வரயா?" என்று தினமும் வாசலிலேயே கேட்பார். நான் உன்னைத்தான் மனத்துக்குள் திட்டிக்கொண்டே கால் கழுவுவேன்.

ஆனால் நீ கெட்டிக்காரி. என் வாயை எப்படி அடைப்பது என்று உனக்குத் தெரியும். கூட்டல் கழித்தலைக் கூடைக்குள் கொண்டுபோய் வைத்தாய். சாயங்காலம் கோழிகளைக் கூடையில் கவிழ்க்கும்போது, உள்ளே போனது எத்தனை, இன்னும் வெளியே சுற்றுவது எத்தனை என்று பிள்ளைகள் கணக்குப் பார்ப்பார்கள். ஒன்று குறைந்தால் பெஞ்சுக்கு அடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் என்று தேடி ஓடுவார்கள். கழித்தல் வராத பிள்ளையே இல்லாமல் போயிற்று. முட்டைக்கு முறை வைத்தாய். முறை வந்த பிள்ளை அதை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அன்று முழுக்க அந்தப் பிள்ளை ஓடாது, குதிக்காது, யாரையும் அடிக்காது. வாலுப் பிள்ளைகளுக்கெல்லாம் நீ அடிக்கடி முறை கொடுத்தாய் என்பது எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா?

பெரும்பாக்கம் போன பிள்ளைகளில் பலர் அங்கேயே பள்ளி மாறிவிட்டார்கள். தேவி மட்டும் மாறவில்லை. அவள் அம்மா மந்தைவெளியில் வீட்டு வேலைக்கு வருகிறாள். அவளோடு இருட்டு பிரியும்போதே பஸ் ஏறி வந்துவிடுவாள். கேட் திறக்கும் முன்பே வந்து சுவர் மேல் உட்கார்ந்திருப்பாள். படிப்பில் அவளுக்கு இருந்த ஆசையைவிடக் கோழி மேல் இருந்த ஆசை பெரிது. அதனால் என்ன, வந்தாள் இல்லையா?

ஆபீசர் பிறந்த நாளைப் பற்றி நான் எழுதினால் நீயே கண்ணைத் துடைத்துக்கொள்வாய். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆடு கத்த ஆரம்பித்தது. நான் பிள்ளைகளை வகுப்புக்குள் போகச் சொன்னேன். நீ போக வேண்டாம் என்றாய். எல்லோரும் சத்தம் போடாமல் சுற்றி உட்கார்ந்தார்கள். சத்துணவு ஆயா சரசா முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து ஆட்டின் அருகே குந்தினாள். குட்டி வெளியே வந்து விழுந்து, வழவழவென்று நடுங்கி, எழுந்து நிற்கப் பார்த்து விழுந்து, மறுபடி எழுந்தது. நான் கைக்குட்டையை எங்கேயோ போட்டுவிட்டேன். அன்றைக்கப்புறம் அதைத் தேடவும் இல்லை.

பெயர் வைத்ததும் நீதான். ஒரு வேலையும் செய்யாமல் வகுப்பு வகுப்பாக வந்து நிற்கிறான், எல்லாவற்றையும் மோந்து பார்க்கிறான், கையில் கிடைத்த பேப்பரை மென்றுவிட்டுப் போகிறான், இவன் ஆபீசர்தான் என்றாய். ஒரு நாள் நிஜமான அதிகாரி பார்வையிட வந்தபோது, இரண்டாம் வகுப்பிலிருந்து ஒருத்தன் ஓடிவந்து, ஆபீசர் என் நோட்டைத் தின்றுவிட்டார் என்று அழுதான். அந்த மனிதர் நல்லவர். தான் எதையும் தின்னவில்லை என்று சொல்லிவிட்டு, வராந்தாவுக்குப் போய் ஆட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். நான்தான் அன்று முழுக்க வியர்த்துக்கொண்டிருந்தேன்.

உன் வயிற்றில் கட்டி என்று தெரிந்தது தை மாதம். ஆபரேஷன் செய்துதான் ஆகவேண்டும் என்றார்கள். நீ லீவு லெட்டரைக் கொடுக்கும்போதுகூட, ஆபீசருக்கு வாழைப்பழத் தோல் அதிகம் போடாதீர்கள், பேதியாகும் என்றுதான் சொன்னாய். ஆபரேஷன் அன்று காலை பள்ளியில் ஒரு பாடமும் நடக்கவில்லை. பிள்ளைகள் பின்பக்க வராந்தாவில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நானும் கூப்பிடவில்லை.

அப்போதுதான் சரசா மஞ்சள் தண்ணீரோடு வந்தாள். ஆபீசரின் கழுத்தில் மஞ்சள் கயிற்றைக் கட்டினாள். குப்பத்து எல்லையம்மன் இருக்கும் திசைப்பக்கம் திரும்பி நின்று, எங்க டீச்சர் பிழைத்து வந்து இந்த வகுப்பில் நின்றால் ஆடிக் கூழ் அன்று இவனை உனக்குக் கொடுக்கிறோம் என்று சத்தமாகச் சொன்னாள். பிறகு தண்ணீரை அவன் தலையிலும் முதுகிலும் தெளித்தாள்.

உனக்குத் தெரியும், இங்கே அதுதான் வழக்கம். தண்ணீர் பட்டதும் ஆடு உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் ஆத்தா சம்மதித்துவிட்டாள் என்று அர்த்தம். வெட்டுகிற அன்றும் இதேபோல் தெளித்து, அது சிலுப்பிய பிறகுதான் கத்தி. சிலுப்பாத ஆட்டை யாரும் தொடமாட்டார்கள். அன்று ஆபீசர் கொம்பிலிருந்து வால் வரைக்கும் படபடவென்று சிலுப்பினான். பிள்ளைகள் கை தட்டினார்கள். எதற்குத் தட்டுகிறோம் என்று அவர்களுக்கு முழுசாகப் புரிந்ததா என்று தெரியவில்லை. தேவி மட்டும் தட்டவில்லை.

உனக்காக மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றியவர்கள் உண்டு, உன் அம்மா வேளாங்கண்ணிக்கு நடந்து வருவதாக வேண்டிக்கொண்டார். நான் கபாலி கோயிலில் என் பங்குக்குச் சுற்றினேன். ஆனால் உயிரை ஈடு வைத்தவள் சரசாதான். எனக்கு அவள் செய்தது பிடிக்கவில்லை. இருந்தாலும் வேண்டாம் என்று வாய் வரவில்லை. ஒருவேளை நடந்துவிட்டால்?

ஆஸ்பத்திரியில் உன்னிடம் இதைச் சொன்னபோது நீ தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். சிரித்து முடித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். உன் கை என் கையை இறுக்கிப் பிடித்திருந்தது.

"அந்த நாத்தம் புடிச்சவன வாங்கிக்கினு ஆத்தா என்ன உட்டுடுவாளாக்கா? அப்ப சீக்கிரம் வெட்டச் சொல்லுக்கா."

விளையாட்டாகத்தான் சொன்னாய். ஆனால் உன் கை விளையாடவில்லை. நான் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஆட்டோ பிடித்துச் சரசா வீட்டுக்குப் போனேன். முட்டை உடைகிற சத்தத்துக்கே முகம் சுளிக்கிற நான், அவள் வாசலில் நின்று, ஆடி வரை எதற்குக் காத்திருக்க வேண்டும், இந்த ஞாயிறே வெட்டிவிடலாமே என்று கேட்டேன். சரசா என்னை விநோதமாகப் பார்த்தாள். அப்படியெல்லாம் முன்கூட்டிக் கொடுக்க முடியாது டீச்சர், அவங்க வந்து வகுப்பில் நின்னப்புறம்தான் என்றாள். நான் அவளோடு சண்டை போட்டேன் ரெஜினா. ஒரு ஆட்டை வெட்டச் சொல்லி நடுத்தெருவில் நின்று சண்டை போட்டேன். என் வீட்டு மனுஷர்கள் யாராவது பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்கள்.

முழுப்பரீட்சை லீவில் நீ போய்விட்டாய்.

உன்னைச் சாந்தோம் பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டு எல்லோரும் வீடு திரும்பினார்கள். எனக்குப் பாதி வழியில்தான், இன்று ஆட்டுக்கு யாரும் தண்ணீர் வைக்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. பள்ளிக்குப் போனேன். கேட் சத்தம் கேட்டதும் ஆபீசர் ஓடி வந்தான். என்னைத் தாண்டி எட்டிப் பார்த்தான். எனக்குப் பின்னால் நீ வருகிறாயா என்று பார்த்தான். அவன் கழுத்தில் அந்த மஞ்சள் கயிறு அப்படியே இருந்தது. நான் வாளியை அவன் முன்னால் வைத்தேன். எனக்கு அவனைப் பிடிக்காமல் போனது அந்த நிமிஷத்தில்தான். நீ உயிரோடு இருந்திருந்தால் அவன் போகவேண்டியவன். அவன் இருக்கிறான் என்பதே நீ இல்லை என்பதற்குச் சாட்சியாக எனக்குத் தோன்றியது. ஒரு வாயில்லாப் பிராணி மேல் இப்படிக் கோபப்படலாமா? படலாமோ கூடாதோ, பட்டேன்.

ஜூனில் பள்ளி திறந்தது. உன் வகுப்புக்கு ஒரு சின்னப் பெண்ணைப் போட்டிருக்கிறார்கள், நல்ல பெண், ஆட்டைக் கண்டால் நாற்காலி மேல் ஏறிவிடுகிறாள். நான் பின்பக்க வராந்தாவுக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். ஆபீசர் வழக்கம்போல என் அறை வாசலில் வந்து நிற்பான். போடா என்பேன். போகமாட்டான். அவனுக்கு யார் சொல்லி எது புரிந்தது?

ஆடி பிறக்கும்போது குப்பத்தில் அம்மை வந்தது. முதலில் மூன்றாம் வகுப்பில் ஒரு பையனுக்கு, அடுத்து அவன் தங்கைக்கு, பிறகு எதிர்வீட்டில். வருஷா வருஷம் வெயிலோடு வருவதுதான் என்று நான் சொன்னேன். உடம்பு தேறும் வரை பிள்ளைகளை அனுப்ப வேண்டாம் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். வாசலில் வேப்பிலை செருகியிருந்தார்கள். பெண்கள் நான் சொன்னதற்குத் தலையாட்டினார்கள். ஆனால் ரெண்டு நாளில் பள்ளி கேட்டுக்கு வெளியே கும்பலாக வந்து நின்றார்கள். சண்டைக்கு வரவில்லை. பயத்தில் வந்தார்கள். நேர்ந்துவிட்ட ஆட்டை வைத்துக்கொண்டு ஆடியில் சும்மா இருக்கலாமா, ஆத்தா பிள்ளைகள் மேல்தானே இறங்குவாள் என்று கேட்டார்கள்.

நான் என் ஞாயத்தைச் சொன்னேன். டீச்சர் திரும்பி வந்தால் கொடுப்பதாகத்தானே வேண்டுதல், டீச்சர்தான் வரவில்லையே, பிறகு என்ன கொடுக்கல் வாங்கல் என்றேன். நல்ல வாதம்தானே? நீயாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாய். கும்பலுக்குப் பின்னால் நின்ற சரசா முன்னால் வந்தாள். அவள் முகம் இளைத்திருந்தது. நீ போனதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை.

"குடுத்தா குடுப்போம், குடுக்காட்டி இல்லன்னு சொல்றதுக்கு ஆத்தா இன்னா கடையா வச்சிக்கினு கீறா? என் வாயால சொல்லிட்டேன் டீச்சர். புள்ளைங்களுக்கு எதுனா ஆச்சுன்னா நான் எங்க போயி நிப்பேன்?"

அவள் அந்தப் பிள்ளைகளுக்குத் தினமும் சோறு போடுகிறவள். கடைசி ஆடி ஞாயிறு கூழ் ஊற்றுகிற அன்று கொடுத்துவிடுவது என்று முடிவானது. நான் சரி என்றேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேனே, என்னில் பாதி, போகட்டும் என்றுதான் நினைத்தது. தினமும் வாசலில் வந்து நிற்கிறவனைப் பார்க்காமல் இருந்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன்.

மறுநாள் சீக்கிரம் வந்துவிட்டேன். தேவி சமையலறைக் குழாயடியில் ஆபீசரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அவளோடு ஐந்தாம் வகுப்பில் பாதிப் பேர். ஒருத்தன் கயிற்றைப் பிடித்திருந்தான், ஒருத்தி வாளியில் மொண்டு ஊற்றினாள், தேவி உள்ளங்கையில் தண்ணீர் எடுத்து ஆபீசரின் காதுக்குள் விட்டாள். அவன் படபடவென்று சிலுப்பினான். மறுபடி விட்டாள். மறுபடி சிலுப்பினான். என்னடி இது, ஆட்டுக்குச் சீக்கு வந்துவிடும் என்று அதட்டினேன். எல்லோரும் தேவியைப் பார்த்தார்கள். அவளுக்குப் பத்து வயது, உயரமாகிவிட்டாள், பின்னலை நீ போட்டுவிட்ட மாதிரியே இரட்டையாகப் போடுகிறாள்.

தினமும் குளிப்பாட்டினால் தண்ணீர் பழகிவிடும், பழகிவிட்டால் அன்றைக்குச் சிலுப்பமாட்டான் என்று விளக்கினாள். சிலுப்பாவிட்டால் ஆத்தாவுக்கு வேண்டாம் என்று அர்த்தமாம். சரசா ஆயாவும் சொன்ன வார்த்தை தவறியதாக ஆகாதாம். அவள் இதைப் பஸ்ஸில் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருக்கிறாள். அது ஆத்தாவை ஏமாற்றுவதில்லையா என்று கேட்டேன். தேவி ஆபீசரின் முதுகைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"ரெஜினா மிஸ்ஸும் இல்ல. இவனும் இல்லன்னா நாங்க இன்னாத்துக்கு மிஸ் வரணும்?"

நான் அறைக்குப் போய் உட்கார்ந்தேன். பாதி நான் என்று சொன்னேனே, அந்தப் பாதிக்கு வெட்கமாக இருந்தது. நீ இல்லாத பள்ளிக்கு அந்தப் பெண் எத்தனை மணிக்கு எழுந்து வருகிறாள், எதைப் பார்க்க வருகிறாள் என்று நான் ஒரு தடவையாவது நினைத்தேனா? என் துக்கம்தான் பெரிது என்று வைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் வீட்டிலிருந்து ஒரு பழைய சொம்பைக் கொண்டுவந்து குழாயடியில் வைத்தேன். உள்ளங்கையில் எத்தனை நேரம் மொண்டுகொண்டிருப்பார்கள்?

ஆடி முழுக்க இது நடந்தது. சென்னையிலேயே இத்தனை சுத்தமான ஆடு இருந்திருக்காது. மயிலாப்பூர் மாமாக்கள்கூட இத்தனை தடவை குளித்திருக்கமாட்டார்கள். மஞ்சள் தண்ணீர் வேண்டுமென்று எங்கிருந்தோ மஞ்சள் பொடியும் கொண்டுவந்தார்கள். முதலில் ஒவ்வொரு சொம்புக்கும் சிலுப்பினான். பிறகு முதல் சொம்புக்கு மட்டும் சிலுப்பினான். பிறகு சில நாள் சிலுப்பினான், சில நாள் சும்மா நின்றான். நம்பிச் சொல்லும்படி இல்லை. இதற்கிடையில் அம்மை கண்ட பிள்ளைகளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று, ஒவ்வொருவராகப் பள்ளிக்குத் திரும்பிவிட்டார்கள். ஆனாலும் நாள் குறித்தது குறித்ததுதான்.

அன்று நானும் போனேன். கூழ் வாசனை, பம்பைச் சத்தம், கற்பூரப் புகை. ஆபீசருக்கு மாலை போட்டிருந்தார்கள். அதைத் தின்னப் பார்த்தான். சாமியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கத்தியைப் பிடித்தவர் ஓரமாக நின்றார். பிள்ளைகள் கோயில் சுவரோடு வரிசையாக நின்றார்கள், பிரேயரில் ஒருநாளும் அப்படி நின்றதில்லை. தேவிக்கு உதடு வெளுத்திருந்தது. நான் அவள் தோளில் கை வைத்தேன்.

சரசாவே ஊற்றினாள். தலையில் ஊற்றினாள், தண்ணீர் கண் வழியாக வழிந்தது. ஆபீசர் கண்ணைச் சிமிட்டினான். முதுகில் ஊற்றினாள். அவன் தலையைத் திருப்பி அவள் முந்தானையை மோந்தான். மூன்றாவது தடவை குடத்தையே கவிழ்த்தாள், காதிலும் கழுத்திலும் கொட்டியது. பம்பை நின்றுவிட்டது. எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் சொட்டச் சொட்ட நின்றான். மாலையிலிருந்து ஒரு பூவைப் பிய்த்து மென்றான்.

கத்தியைப் பிடித்தவர் அதைத் துணியில் சுற்றினார். சரசா குடத்தைக் கீழே வைத்தாள். பிறகு குனிந்து அவன் கழுத்திலிருந்த மஞ்சள் கயிற்றை அவிழ்த்து அம்மன் காலடியில் வைத்தாள். என்னிடம் வந்து, வேறு யாருக்கும் கேட்காமல் சொன்னாள்.

"வேணாங்கிறா டீச்சர். நம்ம டீச்சரத் தர முடியல இல்ல, அவளுக்கும் மனசு கேக்கல."

பிள்ளைகள் ஓ என்று கத்திக்கொண்டு ஆபீசர் மேல் விழுந்தார்கள். நான் அழுதேன் ரெஜினா. உன்னைக் கொண்டுபோய் வைத்தபோதுகூட நான் அழவில்லை. வந்தவர்களுக்குக் காபி சொல்லிக்கொண்டு, பிள்ளைகளை எண்ணிக்கொண்டு நின்றேன். இப்போது அத்தனை பேர் சிரிக்கிற இடத்தில், கூழ் வாங்க நின்ற வரிசைக்கு நடுவில், வாய்விட்டு அழுதேன். நீ வரமாட்டாய் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. சரசா என்னைப் பிடித்துக்கொண்டாள். அவளும் அழுதாள்.

அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? பிள்ளைகள் தினமும் தண்ணீர் எடுத்தது அவள் சமையலறைக் குழாயில்தானே? மஞ்சள் பொடி எங்கிருந்து வந்தது? நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

ஆபீசரைப் பள்ளிக்குத் திருப்பிக் கொண்டுவந்தது நான். பிள்ளைகள் கூழுக்கு ஓடிவிட்டார்கள், கயிறு என் கையில் இருந்தது. ஆட்டுக் கயிற்றை நான் கையில் பிடித்தது அதுதான் முதல் தடவை. ரோட்டோரமாக நடந்தோம். என் பட்டுப் புடவைத் தலைப்பை அவன் மெல்ல ஆரம்பித்தான். அடேய் நாத்தம் புடிச்சவனே என்று திட்டினேன், உன் குரலிலேயே வந்தது. ஒரு ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று நடந்தேன். வராந்தாவில் கட்டிவிட்டு அவன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தேன். ஈர முதுகைத் தலைப்பால் துடைத்துவிட்டேன். நான் அவனோடு கோபமாக இருந்ததை அவனிடமே சொன்னேன். அவனுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

வீட்டுக்குப் போனதும் என் கணவர் வழக்கமான கேள்வியைக் கேட்க வாயெடுத்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வா, ஒக்காரு, காப்பி போட்டுத் தரேன்" என்றார். அவர் காபி போட்டு நீ கேள்விப்பட்டிருக்கிறாயா? அது காபி மாதிரியே இல்லை, ஆனாலும் குடித்தேன்.

நான் ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கிறது. எனக்குப் பிறகு வருகிறவர் எப்படியோ, தெரியாது. வெளியே அனுப்பு என்றால் ஆபீசரை என் வீட்டுச் சந்தில் கட்டுவேன். மயிலாப்பூர் என்ன சொல்லும் என்று நீ சிரிப்பது கேட்கிறது. சொல்லட்டுமே. தேவி அடுத்த வருஷம் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி போகவேண்டும். மந்தைவெளியிலேயே ஒன்றில் பேசி வைத்திருக்கிறேன், சாயங்காலம் நடந்து வந்து இவனைப் பார்த்துவிட்டுப் போகிற தூரம்.

உனக்கு ஒரு சத்தியம் செய்து தருகிறேன். ஆபீசர் கிழவனாகி, கொம்பு வளைந்து, பல் விழுந்து, தானாகப் போகும் வரை நம்மோடுதான் இருப்பான். இனி அவனை யாருக்காகவும் யாரும் நேர்ந்துவிட விடமாட்டேன். சரசாவிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: நாளைக்கு எனக்கே வயிற்றில் ஒன்று வந்து, அதே ஆஸ்பத்திரியில் அதே கட்டிலில் நான் படுத்திருந்தாலும், இவன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளிக்கக்கூடாது.

நீ பிறந்த குப்பத்துப் பிள்ளைகளோடு ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்து இன்று 'அ' எழுதிய,
உன் அக்கா
பத்மா